கதவு என்னும் ஸ்பீக்கர்

கார் செட்டு விற்கும் கடைகளில், சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க, அட்டைப்பெட்டிகளின் மேல் ஒரே எண்ணைப் பார்க்கலாம்: 50 வாட் × 4. நாலாயிரம் ரூபாய் செட்டிலும் அதுதான், இருபதாயிரம் ரூபாய் செட்டிலும் பெரும்பாலும் அதுதான். குறைந்த செலவில் காரின் ஒலியை நாமே மேம்படுத்த நினைத்தால் இந்த எண்ணைப் புரிந்துகொள்வதில் தொடங்க வேண்டும். பணம் எங்கே வீணாகிறது, எங்கே பலன் தருகிறது என்பது இதிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும்.

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் இந்த 14.4 வோல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தாக வேண்டும். அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும் தனிச் சுற்று வைக்க அந்தச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் இடமும் கிடையாது, சூடு வெளியேற வழியும் கிடையாது. அதனால் பொறியாளர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப் சுற்றுகளைக் கொடுத்தார்கள். ஸ்பீக்கரின் ஒரு வயரில் ஒரு சுற்று அழுத்தத்தை ஏற்றும்போது, மற்ற வயரில் இன்னொரு சுற்று இறக்கும். இப்படிச் செய்தால் ஸ்பீக்கருக்கு இரண்டு திசையிலும் ஏறக்குறைய முழு 14.4 வோல்ட்டும் கிடைக்கும். கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். அழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன்: 14.4 × 14.4 ÷ 4 = 51.8. அட்டைப்பெட்டியின் 50 வாட் பிறந்த இடம் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு, அழுத்தம் எந்நேரமும் உச்சத்திலேயே நிற்கும் சதுர அலைக்கு உரியது. சதுர அலையில் பாட்டு கிடையாது. காது கூசும் இரைச்சல்தான் உண்டு. வளைந்து ஏறி இறங்கும் சைன் அலைக்குக் கணக்குப் போட்டால் திறன் சரிபாதி, 26 வாட். டிரான்சிஸ்டர்கள் விழுங்கும் அழுத்தத்தையும் கழித்தால், சிதைவில்லாமல் கிடைப்பது 18 முதல் 22 வாட் வரை. 2003-ல் அமெரிக்காவில் வந்த சிஇஏ-2006 என்ற தரநிலை இந்த உண்மைத் திறனை அளக்கும் முறையை வகுத்தது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்' என்று ஒரு எண் இருந்தால் அதைப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் இருப்பதை மறந்துவிடலாம்.

இந்த இரட்டைச் சுற்று ஏற்பாட்டிலிருந்து வேலைக்கு உதவும் ஒரு விதியும் கிடைக்கிறது. ஸ்பீக்கரின் கழித்தல் வயரிலும் உயிருள்ள அழுத்தம் இருக்கிறது. 'மைனஸ்தானே' என்று அதைக் கார் பாடியில் எர்த் செய்தால் செட்டின் ஆம்ப் சில்லு போய்விடலாம். பழைய கால ரேடியோக்களில் அப்படி எர்த் செய்யும் வழக்கம் இருந்தது. இன்றைய செட்டில் செய்யவே கூடாது.

இனி காதுக்கு வருவோம். திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் வேண்டும். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போகச் செலவழிக்கும் பணம், காதில் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவோடு நின்றுவிடும். அதே 3 டெசிபெல்லைச் செலவே இல்லாமல் பெற ஒரு வழி உண்டு. ஸ்பீக்கர் வாங்கும்போது உணர்திறன் என்ற எண்ணைப் பார்த்து வாங்குவது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அந்த எண். 88 என்று எழுதிய ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தத்தை, 91 என்று எழுதியது 20 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட். அந்த முறையில் எழுதிய எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நல்ல உணர்திறனுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கரை வாங்கியாயிற்று. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே ஓட்டையில் மாட்டியும் ஆயிற்று. குரல் தெளிவாகிறது, தாளச்சத்தம் பளிச்சென்று வருகிறது, ஆனால் பேஸ் மட்டும் முன்பிருந்த அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கிறது. ஏராளமானோர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து, அடுத்த செலவாக ஆம்ப் வாங்கப் போகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கதவை.

முன்னலையும் பின்னலையும்

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்டார்கள். காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு, கூம்பைச் சுற்றி மெல்லிய வளைவிளிம்பு. சுருளில் மின்சாரம் மாறும்போது கூம்பு முன்னும் பின்னும் போகிறது, காற்று அசைகிறது. நூறு ஆண்டுகளில் காந்தம் மாறியிருக்கிறது, கூம்பின் பொருள் மாறியிருக்கிறது; அமைப்பு அதேதான்.

கூம்பு முன்னே போகும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஒரு கூம்பு எப்போதும் இரண்டு அலைகளை எழுப்புகிறது; இரண்டும் நேரெதிர். இவை கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லா ஒலிக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். அது கூம்பிலிருந்து ஓரளவு நேராக முன்னோக்கிப் போய்விடும். பின்னலை சுற்றி வந்து அதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்னலை விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து முன்னலையைத் தின்றுவிடும்.

இதை வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாட்டை ஓடவிடுங்கள். தகரச் சத்தம் மாதிரி இருக்கும். ஒரு பெரிய அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்டி அதில் பொருத்திப் பாருங்கள். அதே ஸ்பீக்கர், அதே வாட், ஆனால் பேஸ் வந்துவிடும். முன்னையும் பின்னையும் பிரிக்கும் தடுப்பு இல்லாமல் ஸ்பீக்கர் முழுமையாவதில்லை.

காரில் அந்தத் தடுப்பாக இருக்க வேண்டியது கதவு. கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டரை விட மெல்லிய இரும்புத் தகடு. உட்பக்கத் தகட்டில் கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறியைக் கழற்றி மாட்டுவதற்காகப் பெரிய பெரிய திறப்புகள். அந்தத் திறப்புகளை மூடியிருப்பது ஒரு பாலித்தீன் தாள். அது தண்ணீரை நிறுத்தும், ஒலியை நிறுத்தாது. பின்னலை அந்தத் தாள் வழியாகத் தாராளமாக வெளியே வந்து காருக்குள் முன்னலையோடு கலந்துவிடுகிறது. புது ஸ்பீக்கரில் பேஸ் குறைவதற்கு இன்னொரு காரணமும் பல சமயம் சேர்ந்துகொள்ளும். காரோடு வந்த பழைய ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் சட்டம் கதவின் வடிவத்துக்கென்றே வார்க்கப்பட்டது. கதவோடும் டோர் பேடோடும் ஒட்டி உட்காரும். கடையில் வாங்கியதைப் பொருத்தும்போது விரல் நுழையும் இடைவெளி விட்டுப்போகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: காரில் ஸ்பீக்கர் என்பது கூம்பும் கதவும் சேர்ந்ததுதான். கூம்பை மட்டும் மாற்றுகிறவர் பாதி ஸ்பீக்கரைத்தான் மாற்றுகிறார். கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் அதில் பாதியை முன்கதவு ஸ்பீக்கர்களுக்கும், மீதியில் பெரும்பகுதியைக் கதவுகளுக்கும் ஒதுக்கச் சொல்வேன். ஆம்ப் அடுத்த வருடம் வரட்டும்.

கதவு வேலை

கதவுக்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். ஸ்பீக்கரை அசையாமல் பிடிக்க வேண்டும், ஓட்டைகளை அடைக்க வேண்டும், தகட்டின் அதிர்வை அடக்க வேண்டும்.

அசையாமல் பிடிப்பதற்கு ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கெட்டியான வளையம். கூம்பை முன்னே தள்ளும் விசை, சட்டத்தைப் பின்னே தள்ளும். சட்டம் ஆடினால் அந்த அளவுக்கு ஒலி வீண். வளையத்துக்கு எம்.டி.எஃப் பலகை மலிவு, வெட்டுவதும் எளிது. ஆனால் மழைக்காலத்தில் கதவுக்குள் தண்ணீர் ஓடும், எம்.டி.எஃப் ஊறி உப்பிவிடும். மெரைன் பிளைவுட்டில் வெட்டி நாலாபுறமும் வார்னிஷ் அடித்தால் தாங்கும். கடையில் கிடைக்கும் கெட்டி பிளாஸ்டிக் வளையமும் போதும். வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையிலும், ஸ்பீக்கர் முகத்துக்கும் டோர் பேடின் சல்லடைக்கும் இடையிலும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். முன்னலை டோர் பேடுக்குள் புகுந்து சுற்றாமல் நேரே காருக்குள் வர இந்தப் பட்டை வேண்டும். விலை அற்பம், பலன் உடனே காதில் தெரியும்.

வளையம் வைத்தால் ஸ்பீக்கர் எவ்வளவு உள்ளே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று திருகுகளை இறுக்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

அடுத்தது ஒட்டுத்தாள். கடையில் 'டேம்பிங் ஷீட்' என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று தார் கலந்தது, மலிவு. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் அது இளகும், நாறும், காலப்போக்கில் நழுவும். மற்றது பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியது. விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அது வேலை செய்யும் விதம் அழகானது. இரும்புத் தகடு அதிரும்போது வளைகிறது. மேலே இருக்கும் அலுமினியத் தாள் நீளவோ சுருங்கவோ எளிதில் இசையாது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பிசுபிசுத்த ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுத் திரிகிறது. அந்தத் திரிபில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறிப்போகிறது. அலுமினியத் தாள் இல்லாத வெறும் ரப்பர் இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

இந்த இயக்கம் புரிந்தால் தாளும் மிச்சமாகும். வெளித்தகட்டில் அதிகம் அதிர்வது நடுப்பகுதி. அங்கே பரப்பில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் துண்டுகளை ஒட்டி உருளையால் நன்றாக அழுத்தினாலே பெரும் வித்தியாசம் தெரியும். முழுத் தகட்டையும் போர்த்த வேண்டியதில்லை. ஒட்டுவதற்கு முன் விரல் முட்டியால் கதவைத் தட்டிக் கேளுங்கள், டங் என்று நீண்டு ஒலிக்கும். ஒட்டியபின் தட்டினால் தொப்பென்று முடிந்துவிடும். மிச்சமான தாளை உட்பக்கத் தகட்டின் திறப்புகளுக்குப் பயன்படுத்துங்கள். பெரிய திறப்புகளுக்கு மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி வைத்து, அதன்மேல் ஒட்டினால் கெட்டியாக இருக்கும். பின்னால் கண்ணாடிப் பொறி பழுதானால் பிரித்தெடுக்கவும் முடியும்.

கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவற்றில் ஒன்றைக்கூட அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அந்தத் தண்ணீரை நினைத்துத்தான் ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுக்க வேண்டும்: கூம்பு பாலிபுரொப்பிலீனாகவும், சுற்று விளிம்பு ரப்பராகவும் இருந்தால் நல்லது. ஃபோம் விளிம்பு நம் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும்.

இட, வல சேனல்கள் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு கதவு ஸ்பீக்கரில் கூட்டலையும் கழித்தலையும் மாற்றி இணைத்துவிட்டால், வலப்பக்கக் கூம்பு முன்னே போகும்போது இடப்பக்கக் கூம்பு பின்னே போகும். கதவைச் சீர்செய்த உழைப்பு முழுவதும் அந்த ஒரு இணைப்பில் வீணாகும். கார் செட்டுகளின் வயர் நிறங்கள் பொதுவாக இப்படி: முன் இடம் வெள்ளை, முன் வலம் சாம்பல், பின் இடம் பச்சை, பின் வலம் ஊதா, கறுப்புக் கோடு உள்ளது கழித்தல். காரின் சொந்த வயர்களுக்கு இந்த நிறங்கள் பொருந்தாது. அங்கே 1.5 வோல்ட் பேட்டரி உதவும். செட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் கூட்டல் தொட்ட வயர்தான் கூட்டல்.

இணைத்து முடித்தபின் சோதிக்க நம்மிடம் ஓர் அருமையான கருவி இருக்கிறது: 1960-களின் தமிழ்த் திரைப்பாட்டுகள். அவை மோனோவில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே அலைதான் போகும். டி.எம். சௌந்தரராஜனின் குரலோ பி. சுசீலாவின் குரலோ ஓர் இடத்தில் நின்று பாட வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் தலையைச் சுற்றிப் பரவினால், பேஸும் வெளிறியிருந்தால், ஒரு பக்கம் தலைகீழாக இணைந்திருக்கிறது.

நடு இருக்கை இல்லாத அரங்கம்

குரல் ஓர் இடத்தில் நிற்கிறது, ஆனால் அந்த இடம் நடுவில் இல்லை, வலது கதவில். ஓட்டுநருக்கு வலது கதவு ஸ்பீக்கர் சுமார் 90 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், இடது கதவு ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கும். 60 சென்டிமீட்டர் வேறுபாட்டைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 1.75 மில்லி நொடி ஆகும். நாம் கவனிக்கவே முடியாத காலம் அது என்று தோன்றும். ஆனால் ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்க மூளை பயன்படுத்துவது அதைவிடச் சின்ன வேறுபாடுகளை. ஒலி ஒரு காதை அடைந்து மற்றக் காதை அடைய ஆகும் கூடுதல் நேரம் அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி நொடிதான். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு மூளை இந்த நேர வேறுபாட்டையும், உயர்ந்த சுருதிகளுக்குச் சத்த வேறுபாட்டையும் துணைகொள்கிறது என்று 1907-லேயே ராலே பிரபு விளக்கினார். 1949-ல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் தம் முனைவர் ஆய்வில் இன்னொன்றைக் காட்டினார்: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லி நொடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது முடிவுகட்டிவிடும். காரில் வலது கதவு ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறது.

இதற்கு மருந்து, வலது ஸ்பீக்கரை 1.75 மில்லி நொடி காக்க வைப்பது. நடுத்தர விலைச் செட்டுகள் பலவற்றில் 'டைம் அலைன்மென்ட்' என்ற பெயரில் இந்த வசதி இப்போது உண்டு. ஒரு டேப் எடுத்து, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து சென்டிமீட்டரில் கொடுத்தால் போதும். மீண்டும் அந்த மோனோ பாட்டைப் போடுங்கள். குரல் வலது கதவிலிருந்து நகர்ந்து டேஷ்போர்டின் மேல் கண்ணாடியின் நடுவே வந்து நிற்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது மாயம் போல இருக்கும். செட்டு மாற்றுவதாக இருந்தால் வாட்டைப் பார்க்காமல் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வசதி இல்லாத செட்டில் பேலன்ஸை ஓரிரு படி இடப்பக்கம் தள்ளலாம். பாதி நிவாரணம் கிடைக்கும்.

பின்பக்க ஸ்பீக்கர்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பின் டிரேயில் இரண்டு பெரிய ஓவல் ஸ்பீக்கர்களை மாட்டுவது நம் ஊரில் ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. சின்ன ஹேட்ச்பேக் கார்களில் அந்த டிரே கயிற்றில் தொங்கும் ஒரு பலகை. சுற்றிலும் இடைவெளி. கதவில் பார்த்த அதே அலை அழிவு அங்கேயும் நடக்கும். கார் எதன்மேலாவது மோதினால், கிலோக் கணக்கில் எடையுள்ள அந்தக் காந்தங்கள் பின்சீட்டில் இருப்பவர்களின் தலை மட்டத்தில் பறக்கும். குழந்தைகள் பின்னால் உட்காரும் காரில் தயவுசெய்து அதை மாட்டாதீர்கள். அந்தப் பணத்தையும் முன்கதவுக்கே கொடுங்கள்.

செலவில்லாத இரண்டு திருத்தங்கள்

ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்தோடு சுருதியில் பாதிக்கு இறங்க வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாட்டுகளில் அந்தக் கருவி எவ்வளவு பேசுகிறது என்பது தமிழ்க் காதுகளுக்குத் தெரியும். ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கரை அந்த ஆழத்துக்குப் போகச் சொன்னால், அது எல்லையைத் தாண்டி உதறும். அதே கூம்பில் ஓடும் குரலும் சேர்ந்து கரகரக்கும். செட்டின் ஆடியோ பகுதியில் எச்.பி.எஃப் என்று ஒன்று இருக்கும். அதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழ் உள்ளவை கதவுக்குப் போகாமல் படிப்படியாகக் குறைக்கப்படும். ஆழமான பேஸ் கொஞ்சம் போகும். பதிலுக்கு, வால்யூமை முன்பைவிடப் பல படி கூட்டினாலும் குரல் சுத்தமாக நிற்கும்.

அடுத்தது, ஈக்வலைசரில் பேஸை உயர்த்தும் பழக்கம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகவே கொடுத்தார்கள். அதோடு டயர் இரைச்சலும் எஞ்சின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கின்றன, பேஸை மூடிவிடுகின்றன. அதனால் கை பேஸ் பொத்தானுக்குப் போகிறது. ஆனால் 10 டெசிபெல் உயர்த்துவது என்றால் பத்து மடங்கு திறன். செட்டின் கையிருப்போ 20 வாட். கையிருப்பு தீர்ந்ததும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை சதுர அலையை நெருங்குகிறது, சுருளில் ஓயாமல் வெப்பம் ஏற்றுகிறது. உயர்ந்த சுருதிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே பேஸை உயர்த்துவதற்குப் பதில் நடுப்பகுதியையும் மேல்பகுதியையும் இரண்டு மூன்று டெசிபெல் இறக்கிவிட்டு, மொத்த வால்யூமைக் கூட்டுங்கள். காதுக்கு அதே சமநிலை கிடைக்கும், ஆம்ப்புக்கு மூச்சும் இருக்கும்.

ஆழமான பேஸ் கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு, சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குலச் சின்ன சப்வூஃபர் போதும். காரின் உள்நீளம் இரண்டரை மீட்டர் என்று கொண்டால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அலைகளில் பாதி அலைகூட அந்த நீளத்துக்குள் அடங்காது. அந்த நிலையில் ஸ்பீக்கர் அலையை அனுப்புவதை விட்டு, உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் ஒன்றாக அழுத்தித் தளர்த்த ஆரம்பிக்கிறது. கோட்பாட்டின்படி சுருதி பாதியாகும் ஒவ்வொரு முறையும் இதனால் 12 டெசிபெல் வரை கூடுதல் கிடைக்க வேண்டும். கதவிடுக்குகளின் கசிவால் நிஜத்தில் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் வரவேற்பறையில் பெரிய பெட்டி செய்யும் வேலையைக் காரில் சின்னது செய்துவிடுகிறது. ஜன்னலை இறக்கிப் பாருங்கள், அந்தப் பேஸ் சட்டென்று மெலியும்.

வயரும் ஃபியூஸும்

ஸ்பீக்கர் வயருக்குப் பெரும் பணம் கொடுக்காதீர்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர்: மின்தடை 0.17 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்த்தால் இழப்பு அரை டெசிபெல்கூட இல்லை. எந்தக் காதுக்கும் அது தெரியாது. செம்பு பூசிய அலுமினியம் செம்பைவிடத் தடை அதிகம், மடித்தால் எளிதில் உடையும். அதை மட்டும் தவிர்த்தால் போதும். நல்ல செம்பு வயர் சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயர் வேறு விஷயம். அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. நான்கு சேனலுக்கும் 50 வாட் தரும் ஆம்ப் முழு வேகத்தில் 20 முதல் 26 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 8 முதல் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும். பேட்டரிக் கூட்டல் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்பின் உடம்பிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்பில் இருப்பது ஆம்ப்புக்கு. பேட்டரி அருகே இருப்பது வயருக்கு. எஞ்சின் அறைச் சுவரின் ஓட்டை விளிம்பில் வயரின் தோல் உரசித் தகட்டில் பட்டால், பேட்டரி ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுத்துக் கம்பளத்தில் தீப்பிடிக்கும். அந்த ஓட்டையில் ரப்பர் குரோமெட் போடாமல் வயரை இழுக்கவே வேண்டாம். எர்த் வயர் குட்டையாக இருக்கட்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தை.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, சில நிமிடம் காத்திருங்கள். காரின் சொந்த வயரை வெட்டாமல், உங்கள் மாடலுக்கான கப்ளரை வாங்கி இணையுங்கள். உத்தரவாதமும் பிழைக்கும், பிறகு பழையபடி மாற்றவும் முடியும். மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்குக்கு உரியது. சில கார்களின் கதவுக்குள் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி இருக்கும். கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. உங்கள் கார் அந்த வகையா என்று சர்வீஸ் கையேட்டிலோ சர்வீஸ் மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கதவின் திறப்புகளை அடையுங்கள். அந்த வகைக் கார் என்றால் அடைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். வளையமும் ஸ்பாஞ்சுப் பட்டையும் மட்டும் போதும்.